ஏழு டாலர் வேண்டாம்: 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டின் சம்பளக் கணக்கு

கணக்கு ரொம்பச் சின்னது. மாதச் சம்பளம் பத்து டாலர். அதில் துணிமணிக்கென்று மூன்று டாலர் பிடித்தம். கையில் வருவது ஏழு. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பதின்மூன்று டாலர். துணிக்குப் பிடித்தம் கிடையாது, அதற்குத் தனியாகப் படி உண்டு. 1863 கோடையில், தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளில் முகாமிட்டிருந்த, கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படை ரெஜிமென்ட்டுக்கு இந்த ஏழு டாலர் கணக்கு வந்து சேர்ந்தது. வாங்க மாட்டோம் என்றார்கள். பட்டுவாடா அதிகாரி அடுத்த முறை வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். அதற்கடுத்த முறையும். படையில் பெயர் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்டப் பதினெட்டு மாதம், சம்பளமென்று ஒரு காசு வாங்காமல் சண்டை போட்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த ரெஜிமென்ட் தெரிந்திருக்கும். ஆனால் அது ஒரே ஒரு சாயங்காலத்துக்காகத்தான்: 1863 ஜூலை 18, வாக்னர் கோட்டைத் தாக்குதல். 1989இல் வந்த ஹாலிவுட் படமும் அந்த இரவோடு கதையை முடித்துக்கொண்டது. உண்மையில் அதற்குப் பிறகும் இவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் சீருடையில் இருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால், இவர்கள் விடாமல் நடத்திய சண்டை கோட்டைச் சுவரில் நடந்ததல்ல, சம்பள மேசையில் நடந்தது என்றே எனக்குப் படுகிறது. அதனால் இந்த ஆய்வு அந்த மேசையைச் சுற்றியே போகும்.

ஆள் சேர்த்த விதம்

முதலில் ஒரு திருத்தம். "அமெரிக்காவின் முதல் கறுப்பினப் படை" என்று இதைப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. லூயிசியானாவிலும் தென் கரோலினாவிலும் கேன்சஸிலும் 1862இலேயே கறுப்பினப் படைகள் உருவாகிவிட்டன. கேன்சஸ்காரர்கள் அந்த ஆண்டு அக்டோபரிலேயே சண்டையும் போட்டார்கள். 54ஆவதின் சிறப்பு வேறு. வட மாநிலம் ஒன்றின் கவர்னர், அரசு அனுமதியோடு, ஊரறிய ஆள் திரட்டிய படை இது.

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வழி திறந்தது. அதே மாதம் 26ஆம் தேதி போர் அமைச்சர் ஸ்டான்டனிடமிருந்து மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூ அனுமதி வாங்கிவிட்டார். சிக்கல் என்னவென்றால், ஒரு ரெஜிமென்ட்டை நிரப்பும் அளவுக்குக் கறுப்பின இளைஞர்கள் அந்த மாநிலத்தில் இல்லை. ஜார்ஜ் ஸ்டேர்ன்ஸ் என்ற அடிமை ஒழிப்பாளர் தலைமையில் ஒரு குழு அமைத்து, பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ, எல்லை தாண்டிக் கனடா வரைக்கும் முகவர்களை அனுப்பினார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் பேசி ஆள் சேர்த்தார். அவருடைய மகன்கள் லூயிஸும் சார்ல்ஸும் பெயர் கொடுத்தார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரீட்வில் என்ற இடத்தில் இருந்த மீக்ஸ் முகாமுக்கு ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் எதிர்பார்த்ததற்கு மேலே போய், மிஞ்சியவர்களை வைத்து 55ஆவது ரெஜிமென்ட்டையும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

வந்தவர்களில் பெரும்பாலோர் வடக்கில் சுதந்திரமாகப் பிறந்து வளர்ந்தவர்கள். படத்தில் காட்டுவதற்கு மாறாக, நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். விவசாயக் கூலிகள், முடிதிருத்துபவர்கள், கப்பலோட்டிகள் என்று கலவையாக இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கணிசம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சம்பளத் தகராறு வந்தபோது இவர்களுடைய பேனா பெரிய வேலை பார்த்தது.

ஆள் சேர்க்கும்போது கொடுத்த வாக்கு தெளிவானது. மற்ற மாசசூசெட்ஸ் சிப்பாய்களுக்கு என்னவோ அதேதான்: அதே சம்பளம், அதே ரேஷன், அதே சீருடை. ஆண்ட்ரூ இதைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை, வாஷிங்டனில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சொன்னார். ஒரே குறை, அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது. கர்னலாக வந்தவர் ராபர்ட் கூல்ட் ஷா. வயது 25. பணக்கார அடிமை ஒழிப்புக் குடும்பத்துப் பிள்ளை, ஏற்கெனவே ஆன்டீட்டம் சண்டையில் காயம்பட்டவர். பதவியை முதலில் மறுத்தார், அப்புறம் மனம் மாறினார்.

மே 28 அன்று ஆயிரத்துச் சொச்சம் பேர் பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துப் போய் டி மோலே என்ற கப்பலில் ஏறினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கத்திய கூட்டமைப்பின் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. கறுப்பினப் படையை நடத்தும் வெள்ளை அதிகாரி பிடிபட்டால் மரண தண்டனை வரை கிடைக்கலாம். பிடிபடும் கறுப்பினச் சிப்பாயை அந்தந்த மாநிலச் சட்டப்படி நடத்தலாம். மாநிலச் சட்டம் என்றால் அடிமைச் சந்தை, அல்லது தூக்கு. இது தெரிந்தேதான் கப்பல் ஏறினார்கள்.

பதின்மூன்று எப்படி ஏழாயிற்று

ஜூன் 3ஆம் தேதி கப்பல் தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் போய்ச் சேர்ந்தது. மறுநாள், ஜூன் 4, போர்த் துறையிலிருந்து ஓர் உத்தரவு: கறுப்பினச் சிப்பாய்களுக்கு 1862 ஜூலை மிலிஷியா சட்டத்தின்படிதான் சம்பளம்.

அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இப்படியொரு ரெஜிமென்ட் யார் மனதிலும் இல்லை. ராணுவ முகாமுக்கு ஓடிவரும் அடிமைகளை மண் வெட்டவும் கோவேறு கழுதை ஓட்டவும் வைத்துக்கொள்வதற்குப் போட்ட ஷரத்து அது. ஒரு கூலியாளுக்குப் பத்து டாலர், அதில் மூன்று டாலர் துணியாக. துறையின் சட்ட ஆலோசகர் அந்த ஷரத்தைப் படித்துவிட்டு, கறுப்பினத்தவர் என்று வந்துவிட்டால் சட்டத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்று முடிவு சொல்லிவிட்டார். கூலிக்குப் போட்ட சட்டம் சிப்பாய்க்குப் பொருந்துமா என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அரசு அலுவலகங்களோடு பழகியவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது. இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. கறுப்பின சார்ஜென்ட்டுக்கும் அதே ஏழு டாலர்தான். வெள்ளைக்கார சார்ஜென்ட் ஸ்ட்ரைப் வாங்கினால் சம்பளம் ஏறும், இவருக்கு ஏறாது.

ஷா ஜூலை 2 அன்று கவர்னருக்குக் கடிதம் எழுதினார்: வாக்குக் கொடுத்த சம்பளத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் இவர்களைப் படையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது பதினாறு நாள்.

வாக்னர்

சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் தெற்கு வாசலைக் காக்கும் மாரிஸ் தீவில், மணலையும் பனைமரக் கட்டைகளையும் கொண்டு கட்டிய கோட்டை வாக்னர். அதை நோக்கிப் போக ஒரே வழி கடற்கரை மணல். வலது பக்கம் அட்லான்டிக் கடல், இடது பக்கம் சதுப்பு. கோட்டையை நெருங்க நெருங்க அந்த மணல் குறுகிக்கொண்டே போகும். ஜூலை 11 அன்று ஒரு தாக்குதல் நடந்து தோற்றிருந்தது.

54ஆவது அங்கே வந்து சேர்ந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். ஜூலை 16 காலை ஜேம்ஸ் தீவில் முதல் சண்டை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். ஆனால் அவர்கள் தாக்குப்பிடித்து நின்றதால் பக்கத்திலிருந்த 10ஆவது கனெக்டிகட் ரெஜிமென்ட் மாட்டிக்கொள்ளாமல் தப்பியது. அன்று இரவே இடி மழையில், சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருந்த ஒற்றையடிப் பலகைகளில் நடை. மறுநாள் வெயிலில் காத்திருப்பு. மறுபடி இரவெல்லாம் படகில் ஏறி இறங்குவது. 18ஆம் தேதி மாலை மாரிஸ் தீவில் நிற்கும்போது இரண்டு ராத்திரித் தூக்கம் போயிருந்தது, வயிற்றிலும் ஒன்றும் பெரிதாக இல்லை. முன்னணியில் போகிறீர்களா என்று ஜெனரல் ஸ்ட்ராங் கேட்டார். போகிறோம் என்றார் ஷா.

அன்று பகல் முழுக்கக் கரையிலிருந்த பீரங்கிகளும் இரும்புக் கவசக் கப்பல்களும் கோட்டையைப் போட்டு இடித்தன. உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது என்று மேலிடம் நம்பியது. மணலின் குணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. குண்டு விழுந்தால் மணல் சிதறும், பிறகு அதே இடத்தில் சரிந்து உட்காரும். காவல்படை மண்ணுக்கடியில் இருந்த பாதுகாப்பு அறையில் பத்திரமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில், ஏழே முக்கால் மணி வாக்கில், சுமார் 600 பேர் துப்பாக்கியில் கத்தியைச் செருகிக்கொண்டு மணலில் நடந்தார்கள். கடல் ஏறியிருந்ததால் வலது ஓரத்தில் இருந்தவர்கள் தண்ணீரில் கால் வைத்து நடந்தார்கள். கோட்டை கிட்டே வந்ததும் சுட ஆரம்பித்தது. அகழியைத் தாண்டி, சரிவில் ஏறி, மதில் உச்சி வரை போனார்கள். ஷா அங்கேயே சுடப்பட்டு விழுந்தார். கொடி பிடித்தவர் விழுந்ததும் சார்ஜென்ட் வில்லியம் கார்னி அதை வாங்கிக்கொண்டு மேலேறி, பல காயங்களோடு தவழ்ந்து திரும்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கான மெடல் ஆஃப் ஆனர் அவர் கைக்கு வந்தது 1900இல்.

கோட்டை விழவில்லை. 54ஆவதில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 270 பேர். பின்னால் வந்த மற்ற ரெஜிமென்ட்டுகளையும் சேர்த்தால் வடக்கின் இழப்பு 1,500க்கு மேல். எதிர்த்தரப்புக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஷாவின் உடலை அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்துச் செய்தது. மகன் தன் ஆட்களோடு கிடப்பதே சரி, தோண்டி எடுக்க வேண்டாம் என்று தகப்பனார் சொல்லிவிட்டார்.

சார்ஜென்ட் ராபர்ட் சிம்மன்ஸ் கதையை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. பெர்முடாவில் பிறந்தவர். வாக்னரில் பிடிபட்டார், கையை எடுத்தார்கள், சார்ல்ஸ்டனில் கைதியாகவே இறந்தார். அந்தச் சண்டைக்குச் சில நாள் முன்னால்தான், கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் வெள்ளையர் கும்பல் அவருடைய சகோதரி மகனை அடித்துக் கொன்றிருந்தது.

மேசைக்கு முன்னால்

தாக்குதலுக்குப் பிறகு அதே மாரிஸ் தீவில் முற்றுகை. 54ஆவதின் ஆட்களுக்கு வாய்த்தது மண்வெட்டி. குண்டு மழையில் பதுங்குகுழி வெட்டுவது, பீரங்கி இழுப்பது. செப்டம்பர் முதல் வாரத்தில் எதிரிகள் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அதே கோடையில்தான் பட்டுவாடா அதிகாரி ஏழு டாலரோடு வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28 அன்று கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் நேராக லிங்கனுக்கே ஒரு கடிதம் எழுதினார். திமிங்கிலக் கப்பலில் வேலை பார்த்தவர், நியூ பெட்ஃபோர்ட் பத்திரிகைக்குப் போர்க்களத்திலிருந்து தொடர்ந்து எழுதிவந்தவர். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்பதுதான் அவர் ஜனாதிபதியிடம் வைத்த கேள்வி. சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை?

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பிரிகேட் கமாண்டர் கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரி ரெஜிமென்ட்டை வரிசையில் நிறுத்திப் பேசினார். கேன்சஸில் அடிமை முறையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய ஆள் அவர். சண்டை போடக் கிடைத்த வாய்ப்புக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும், சம்பளத்தை மறுப்பது கலகம், கலகத்துக்குத் தண்டனை மரணம் என்றார். அவர்களுடைய நிறத்தையும் பிறப்பையும் வைத்து ஏளனமும் செய்தார். அடிமை முறையை வெறுத்தவர்கள் எல்லோரும் அடிமையாக இருந்தவனைச் சமமாகப் பார்த்தார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவர் பேசி முடித்த பிறகும் யாரும் ஏழு டாலரை வாங்கவில்லை.

அப்புறம் வந்ததுதான் உண்மையான சோதனை. நவம்பரில் கவர்னர் ஆண்ட்ரூ தன் சட்டசபையைக் கூட்டி, விடுபட்ட தொகையை மாநிலமே கொடுத்துவிடும் என்று சட்டம் போட்டார். நல்ல மனதோடு செய்தது. டிசம்பரில் பணத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஏழும் ஆறும் பதின்மூன்று, வாங்கிக்கொள்ளலாம்தானே? மறுத்துவிட்டார்கள். மத்திய அரசு எங்களைப் பாதிச் சிப்பாயாக எழுதி வைத்திருக்கும்வரை, மீதியை யார் தர்ம சிந்தனையோடு கொடுத்தாலும் அது வேண்டாம் என்பது அவர்கள் பதில். பிரச்சினை ஆறு டாலர் பற்றியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் பலருக்கு விளங்கியது.

இந்த வைராக்கியத்துக்கு வட்டி கட்டியவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். முகாமுக்கு வந்த கடிதங்களில் வாடகை பாக்கி, குழந்தைகளின் பசி. சில குடும்பங்கள் அனாதை விடுதிக்கும் தர்ம சத்திரத்துக்கும் போக நேர்ந்தது. இவர்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. சிப்பாய்களின் உறுதியைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

எல்லா ரெஜிமென்ட்டுகளுக்கும் மறுக்கும் வசதி இருந்ததென்றும் சொல்ல முடியாது. 54ஆவதுக்குப் பின்னால் ஒரு கவர்னரும் பாஸ்டன் பத்திரிகைகளும் இருந்தார்கள். 3ஆவது தென் கரோலினா ரெஜிமென்ட்டில், அடிமையாகப் பிறந்த சார்ஜென்ட் வில்லியம் வாக்கருக்கு அப்படி யாரும் இல்லை. 1863 நவம்பரில் அவர் தன் கம்பெனியோடு (ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு) போய்க் கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்துவிட்டு, சம்பள ஒப்பந்தத்தை அரசு மீறிவிட்டது, இனி வேலை செய்ய மாட்டோம் என்றார். கலகக் குற்றம். 1864 பிப்ரவரி 29 அன்று அவரை நிறுத்தி வைத்துச் சுட்டார்கள்.

ஒலஸ்டீ

வாக்கர் சுடப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னால், பிப்ரவரி 20, 54ஆவது வட ஃபுளோரிடாவின் பைன் காட்டில் இருந்தது. ஜெனரல் சீமோர் சரியாக வேவு பார்க்காமல் ஒலஸ்டீ அருகே எதிரியிடம் போய் மாட்டிக்கொண்டார். ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் 1,861 பேரை இழந்தார். படை சிதறி ஓடத் தொடங்கியபோது, பின்னாலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த 54ஆவதும் 35ஆவது கறுப்பினப் படையும் எதிரியைத் தடுத்து நின்று மற்றவர்கள் பின்வாங்க நேரம் வாங்கிக் கொடுத்தன. களத்தில் இறங்கும்போது 54ஆவதின் ஆட்கள் போட்ட கோஷம் பதிவாகியிருக்கிறது: மாசசூசெட்ஸுக்கு ஜே, மாசம் ஏழு டாலருக்கு ஜே! படித்ததும் சிரிப்பு வந்தது. ஒரு காசு சம்பளம் வாங்காதவர்கள் குண்டுக்கு நடுவில் போட்ட கோஷம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

திரும்பி வரும் வழியில் காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் இன்ஜின் படுத்துவிட்டது. விட்டுவிட்டுப் போனால் அவர்கள் எதிரி கையில். ஒலஸ்டீயில் பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைக் களத்திலேயே கொன்றார்கள் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. சண்டையிலும் நடையிலும் களைத்துப்போயிருந்த 54ஆவதைத் திருப்பி அனுப்பினார்கள். இன்ஜினிலும் பெட்டிகளிலும் கயிற்றைக் கட்டி, குதிரைகள் கிடைக்கும் இடம் வரை சில மைல் தூரம் தண்டவாளத்தில் தோளால் இழுத்தார்கள். மண் வெட்டும் கூலிக்குப் போட்ட சட்டத்தில் இந்த வேலைக்கு என்ன விலை என்று எழுதியிருக்கவில்லை.

கார்ப்பரல் கூடிங் ஒலஸ்டீயில் காயத்தோடு பிடிபட்டார். அதே சண்டையில் காயம்பட்ட சார்ஜென்ட் ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸுக்குக் கவர்னர் மார்ச் மாதம் அதிகாரிப் பதவி கொடுத்தார். ஸ்வெய்ல்ஸ் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் போர்த் துறை அதை ஏற்காமல் இழுத்தடித்தது. 1865 ஜனவரியில்தான் லெப்டினென்ட் ஆனார்.

சத்தியம்

1864 ஜூன் 15 அன்று நாடாளுமன்றம் ஒருவழியாகச் சட்டம் போட்டது. சம சம்பளம், முன்தேதியிட்டு. ஆனால் உள்ளே ஒரு முடிச்சு. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கு மட்டும் படையில் சேர்ந்த நாளிலிருந்து அரியர்ஸ். அன்று அடிமையாக இருந்தவருக்கு 1864 ஜனவரி 1 முதல்தான். ஆக, ஒரே குழியில் பதுங்கிக் கிடந்த இரண்டு பேரை ஒரு தேதியை வைத்துப் பிரிக்க வேண்டும். 54ஆவதில் தப்பியோடி வந்த அடிமைகளும் இருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அன்றைக்கு இன்னொருவரின் சொத்து. சத்தியம் செய்யச் சொன்னால் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நண்பனைவிடக் குறைவாக வாங்க வேண்டும்.

ஷாவுக்குப் பிறகு கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் வந்தவர். அவர் சத்தியத்தின் வாசகத்தையே மாற்றினார். "1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ எந்த மனிதனுக்கும் கூலியில்லாத உழைப்பைக் கடன்பட்டிருக்கவில்லை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீ அடிமையா என்ற கேள்வியே அதில் இல்லை. எந்த மனிதனும் இன்னொருவனுக்குச் சும்மா உழைக்கக் கடன்படவில்லை என்று நம்பினால் யாரும் மனசாட்சியோடு கையைத் தூக்கலாம். ஆகஸ்டில் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். நேற்றுவரை சட்டப்படி அடிமையாக இருந்தவர்களும்தான். பின்னாளில் இதைக் குவேக்கர் சத்தியம் என்று அழைத்தார்கள். சட்டத்தைப் படித்து அதில் சந்து கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் மாரிஸ் தீவில் பட்டுவாடா நடந்தது. ரெஜிமென்ட்டின் பாக்கியைத் தீர்க்க 1,70,000 டாலர் தேவைப்பட்டது. அந்த நாட்களில் 54ஆவது பார்த்துக்கொண்டிருந்த வேலை இன்னும் விசேஷம்: பிடிபட்ட 600 தெற்கத்திய அதிகாரிகளைப் பட்டியில் அடைத்து அதே தீவில் காவல் காத்தார்கள். தோட்ட முதலாளிகளின் பிள்ளைகள் உள்ளே, முழுச் சம்பளம் வாங்கிய கறுப்பினச் சிப்பாய் துப்பாக்கியோடு வெளியே.

கூடிங் அங்கே இல்லை. ஆண்டர்சன்வில் கைதி முகாமில் ஜூலை 19 அன்று இறந்திருந்தார். சட்டம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அது அவர் காதுக்கு எட்டியதா என்று தெரியவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நவம்பர் 30 அன்று ஹனி ஹில்லில் இன்னொரு தோற்ற சண்டை. அதில் அடி வாங்கியது அதிகமும் 55ஆவது. 1865 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் விழுந்தது, ஒன்றரை வருடத்துக்கு மேல் எட்ட நின்று பார்த்த ஊருக்குள் நடந்து போனார்கள். ஏப்ரல் 18, தெற்கின் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் ஆன பிறகு, செய்தி வந்து சேராத பாய்கின்ஸ் மில்லில் கடைசிச் சண்டை. அதிலும் ஒரு லெப்டினென்ட் இறந்தார். பாஸ்டனில் சட்டசபைக் கட்டிடத்துக்கு எதிரே 1897இல் திறந்த வெண்கல நினைவுச் சின்னத்தின் பின்புறம் அவர் பெயரும், இறந்த மற்ற நான்கு வெள்ளை அதிகாரிகளின் பெயர்களும் முதலிலேயே இருந்தன. இறந்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தது 1982இல்.

1865 ஆகஸ்ட் 20 அன்று ரெஜிமென்ட்டை முறைப்படி கலைத்தார்கள். கப்பலில் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்து, கேலப்ஸ் தீவில் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 2 அன்று நகரத் தெருக்களில் ஒரு அணிவகுப்பு நடத்திவிட்டு அவரவர் ஊருக்குப் போனார்கள்.